ராட்சத ரோபோ அனிமே: ஜப்பானிய அசலா, அமெரிக்க வெட்டா?

எழுபது, எண்பதுகளின் ராட்சத ரோபோ அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) தொடர்களைப் பார்க்கலாம் என்று இறங்குகிறவருக்கு முதல் தலைவலி, ஒரே சரக்கு இரண்டு பெயரில் கிடைப்பதுதான். ஒருவர் ‘மேக்ராஸ்’ பார் என்கிறார், இன்னொருவர் ‘ரோபோடெக்’ பார் என்கிறார். இரண்டையும் ஓட்டிப் பார்த்தால் அதே விமானம், அதே முகங்கள். கதாநாயகன் பெயர் மட்டும் ஒன்றில் ஹிகாரு, மற்றதில் ரிக். அமெரிக்கர்கள் கொண்டாடும் ‘வோல்ட்ரான்’ ஜப்பானில் ‘கோலயன்’. பிரெஞ்சுக்காரர்களின் ‘கோல்டொராக்’ ஜப்பானில் ‘கிரெண்டைசர்’. ‘டிரான்சர் இசட்’ என்று ஒன்று கண்ணில் பட்டால் அது ‘மஸிங்கர் இசட்’.

அனிமே வட்டாரத்தில் கேட்டால் யோசிக்காமல் பதில் வரும்: ஜப்பானிய அசலைப் பார், அமெரிக்காவில் வெட்டி ஒட்டியதைத் தொடாதே. எனக்கு இதில் பாதிதான் சம்மதம். வெட்டியவர்கள் எதில் கை வைத்தார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். ஆட்களின் பெயரை மட்டும் மாற்றியிருந்தால் பெரிய நஷ்டம் இல்லை. சாவை மறைத்திருந்தால் கொஞ்சம் நஷ்டம். சண்டை ஏன் நடக்கிறது என்ற காரணத்தையே மாற்றியிருந்தால், நீங்கள் பார்ப்பது வேறொரு கதை. அங்கே அசலுக்குப் போவதுதான் சரி.

வெட்ட வேண்டி வந்தது ஏன்?

ஜப்பானில் இந்தத் தொடர்கள் வாரத்துக்கு ஒரு எபிசோட் என்று ஓடியவை. ஸ்பான்சர் பெரும்பாலும் பொம்மைக் கம்பெனி. பொம்மை விற்றால் தொடர் நீளும், விற்காவிட்டால் சுருங்கும். அமெரிக்காவில் எண்பதுகளின் கணக்கு வேறு. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்காக உள்ளூர் டிவி நிலையங்கள் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் கார்ட்டூன் ஓட்டின. வாரத்துக்கு 5 வீதம் 13 வாரத்துக்கு 65 எபிசோட் வேண்டும். அதற்குக் குறைவாகக் கையில் வைத்திருப்பவரிடம் நிலையங்கள் பேசவே தயங்கும். 36 எபிசோட் உள்ள ஜப்பானியத் தொடரை வாங்கி வந்தவர், இன்னும் 29-ஐ எங்கிருந்தாவது கொண்டுவந்து சேர்த்தாக வேண்டும். ரோபோடெக் பிறந்தது இந்தக் கணக்கில்தான், கலைத் தாகத்தில் அல்ல.

இதில் வேடிக்கை, அமெரிக்கப் பிள்ளைகளில் பலருக்குத் தொடருக்கு முன்பே பொம்மை கைக்கு வந்துவிட்டது. எழுபதுகளின் கடைசியில் மேட்டல் கம்பெனி ‘ஷோகன் வாரியர்ஸ்’ என்ற பெயரில் இரண்டடி உயர பிளாஸ்டிக் ரோபோக்களை விற்றது. கிரேட் மஸிங்கர், ரைடீன் எல்லாம் அதில் உண்டு. மார்வெல் அதே பெயரில் 1979-ல் காமிக்ஸும் போட்டது. 1984-ல் ஹாஸ்ப்ரோ, ஜப்பானின் தகாரா கம்பெனி பொம்மைகளை எடுத்து ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ என்று பெயரிட்டது. அந்த வரிசையில் ஜெட்ஃபயர் என்ற பாத்திரத்துக்கு விற்ற பொம்மை தகாராவுடையதே அல்ல. அது மேக்ராஸின் வால்கிரி விமானம். அந்தத் தலைமுறை மேக்ராஸைப் பார்க்காமலே அதன் விமானத்தை வைத்து விளையாடியிருக்கிறது.

ஐரோப்பாவில் இந்த 65 கணக்கு கிடையாது. 1978 ஏப்ரலில் இத்தாலியின் ராய் தொலைக்காட்சியிலும், ஜூலையில் பிரான்ஸின் ஆன்டென் 2-விலும் கிரெண்டைசர் வந்தது. வெட்டி வேறு தொடரோடு ஒட்டவில்லை. குரலும் பெயரும்தான் மாறின. பிரான்சில் நாயகன் டியூக் ஃப்ளீட் ‘அக்தாருஸ்’ ஆனான், அவன் நண்பன் கோஜி நட்சத்திரத்தின் பெயரில் ‘அல்கோர்’ ஆனான். அடுத்த ஜனவரியில் பாரி மாட்ச் பத்திரிகை கோல்டொராக் பைத்தியம் என்று அட்டைப்படக் கட்டுரை போடும் அளவுக்கு அது பற்றிக்கொண்டது. 2019-ல் பிரெஞ்சு அரசு இதை உருவாக்கிய கோ நாகாய்க்குக் கலை இலக்கிய விருதும் கொடுத்தது. மேற்கு என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அமெரிக்கா கத்தரியோடு வரவேற்றது, பிரான்ஸும் இத்தாலியும் டப்பிங்கோடு விட்டுவிட்டன.

மேக்ராஸ் எதிர் ரோபோடெக்

உண்மையான குழப்பம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான், ஆகவே இங்கே கொஞ்சம் நின்று பேசலாம்.

‘சூப்பர் டைமென்ஷன் ஃபோர்ட்ரஸ் மேக்ராஸ்’ 1982 அக்டோபர் முதல் 1983 ஜூன் வரை ஓடியது. 36 எபிசோட். இயக்கம் நொபோரு இஷிகுரோ. விமானம் ரோபோவாக மாறும் அந்த வடிவத்தை வரைந்த ஷோஜி கவமோரிக்கு அப்போது 22 வயதுதான். அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 போன்ற ஒரு ஜெட், பறந்துகொண்டிருக்கும்போதே காலும் கையும் முளைத்துப் பாதி விமானம் பாதி ரோபோவாகும், பிறகு முழு ரோபோவாக நிமிரும். இதை முதல்முறை பார்க்கும்போது ரீவைண்ட் பண்ணாமல் இருப்பது கஷ்டம். ஏவுகணைகள் புகைவாலோடு கொத்துக் கொத்தாகச் சுழன்று துரத்தும் காட்சிகள் இச்சிரோ இடானோவின் கைவரிசை. இன்றுவரை எல்லோரும் அதைக் காப்பியடிக்கிறார்கள்.

கதை எளிது. பூமியில் வந்து விழுந்த ஒரு பிரம்மாண்டமான விண்கப்பலை மனிதர்கள் பழுது பார்த்து முடிக்கிறார்கள். அதைத் தேடி ஜென்ட்ராடி என்ற ராட்சத இனம் வருகிறது. கப்பல் ஒரு நகரத்து மக்களையே வயிற்றில் வைத்துக்கொண்டு சூரிய மண்டலத்தின் ஓரத்துக்குப் போய்விடுகிறது. உள்ளே கடைத்தெரு, அழகிப் போட்டி, மின்மே என்ற பாடகி, அவள்மேல் காதல்கொண்ட ஹிகாரு என்ற இளம் பைலட், அவனுக்கு மேலதிகாரியான மிசா. ஒரு பக்கம் போர், மறுபக்கம் முக்கோணக் காதல்.

ஜென்ட்ராடி வீரர்களுக்குச் சண்டையைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆண்களும் பெண்களும் தனித்தனிப் படை. பாட்டு கேட்டதில்லை, முத்தம் பார்த்ததில்லை. அவர்களில் மூன்று பேர் உளவு பார்க்க உடம்பைச் சுருக்கிக்கொண்டு மனிதர்களின் கப்பலுக்குள் வருகிறார்கள். திரும்பிப் போகும்போது, பாட்டுப் பாடும் ஒரு மின்மே பொம்மையை எடுத்துப் போகிறார்கள். பழைய உருவத்துக்கு வந்துவிட்ட அந்த ராட்சதர்களின் உள்ளங்கையில் அது ஒரு பூச்சி அளவுதான் இருக்கும். அதைச் சுற்றி மற்ற வீரர்கள் கூடிக் கேட்கிறார்கள். படை உடைய ஆரம்பிப்பது அங்கேதான். இத்தனைக்கும் அவர்களை இப்படிப் பாட்டில்லாத ஜன்மங்களாக உருவாக்கியது ஒரு பழைய நாகரிகம், மனிதர்களுக்கும் அதனோடு தொடர்பு உண்டு என்பது மெல்ல மெல்ல வெளிவரும். அந்த நாகரிகத்தின் பெயர் புரோட்டோகல்ச்சர்.

ரோபோடெக்கில் புரோட்டோகல்ச்சர் ஓர் எரிபொருள். விண்கப்பலில் ஒளித்துவைக்கப்பட்ட சக்திமூலம். அதை மீட்கத்தான் எதிரி வருகிறான். ஆக, பாட்டை இழந்த ஓர் இனம் பாட்டைக் கேட்டுக் கலங்கும் கதை, எண்ணெய்க் கிணற்றுக்கான சண்டையாகிவிடுகிறது. பாட்டு இன்னும் இருக்கிறது, வீரர்கள் இன்னும் மயங்குகிறார்கள், ஆனால் அது போரின் நடுப்புள்ளியாக இல்லாமல் ஓரத்துக்கு நகர்ந்துவிடுகிறது.

இந்த மாற்றத்தைச் செய்தவர் கார்ல் மேசெக், ஹார்மனி கோல்டு என்ற அமெரிக்க நிறுவனத்துக்காக. அவருக்கு வேறு வழியும் இல்லை. மேக்ராஸ் 36, அதோடு ‘சதர்ன் கிராஸ்’, ‘மொஸ்பியடா’ என்ற சம்பந்தமே இல்லாத வேறு இரண்டு தொடர்களைச் சேர்த்து 85 எபிசோட் ஆக்கினார். மூன்றும் தத்சுனோகோ ஸ்டூடியோ சம்பந்தப்பட்டவை என்பதைத் தவிர அவற்றுக்குள் பொதுவாக ஒன்றும் கிடையாது. வெவ்வேறு ஊருக்குப் போகும் மூன்று ரயில்களின் பெட்டிகளை ஒரே இன்ஜினில் மாட்டிய மாதிரி வேலை அது. அந்தக் கொக்கிதான் புரோட்டோகல்ச்சர்: மூன்று தலைமுறையும் அதற்காகச் சண்டை போடுகிறது. சதர்ன் கிராஸின் கதை அசலில் வேறொரு கிரகத்தில் நடப்பது. அதைப் பூமிக்குக் கொண்டுவந்து, அதன் நாயகியை மேக்ராஸில் வந்த ஒரு தம்பதியின் மகளாக்கினார். 1985 மார்ச்சில் ஒளிபரப்பானது. ரோபோடெக் என்ற பெயர்கூட ரெவெல் என்ற மாடல் கம்பெனி ஏற்கெனவே தன் ஜப்பானிய ரோபோ கிட்களுக்கு வைத்திருந்தது.

இவ்வளவு சொன்ன பிறகு ரோபோடெக்குக்காகவும் பேச வேண்டும். அந்தக் காலத்து அமெரிக்கக் கார்ட்டூனில் விமானம் வெடித்தால் பைலட் பாராசூட்டில் இறங்கியே தீர வேண்டும். ரோபோடெக் ஆட்களைச் சாகவிட்டது. 18-ஆவது எபிசோடில் ராய் ஃபோக்கர், அடிபட்ட உடம்போடு காதலி கிளாடியாவின் வீட்டுக்கு வருகிறான். கிட்டாரை எடுத்து மீட்டுகிறான். அவள் அவனுக்குப் பிடித்த அன்னாசி சாலட் செய்துகொண்டிருக்கிறாள். கிட்டார் சத்தம் நின்றுபோகிறது. அசலில் இருந்த இந்தக் காட்சியை மேசெக் மழுப்பவில்லை, ராயைப் பிறகு உயிரோடு கொண்டுவரவும் இல்லை. கதை நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடர்வதும், காதல் எபிசோட் எபிசோடாக இழுபடுவதும் அந்தப் பிள்ளைகளுக்குப் புதிது. அமெரிக்காவில் அனிமே ரசிகர் என்று ஒரு கூட்டம் உருவானதில் ரோபோடெக்கின் பங்கு பெரிது.

குறை என்று எனக்குப் படுவது, வாயை மூடாத கதைசொல்லிக் குரல். அசலில் மௌனமாக விட்ட இடங்களிலெல்லாம் யாராவது விளக்கிக்கொண்டிருப்பார். பாட்டு இன்னொரு குறை. அசலில் மின்மேயின் குரலும் பாட்டும் மாரி இஜிமா என்ற, அப்போது இருபது வயதுகூட நிரம்பாத பாடகி; 27-ஆவது எபிசோடில் பூமியே எரியும்போது அந்தக் குரல்தான் போர்க்களத்தின் மேலே ஓடும். ரோபோடெக்கில் ஆங்கிலப் பாட்டுகள் வேறு, குரல் வேறு. அதே 27-ஐ இரண்டிலும் அடுத்தடுத்துப் பார்த்தால் என் கட்சி எது என்று கேட்க மாட்டீர்கள்.

அசலும் ஒழுங்கானது என்று சொல்ல மாட்டேன். வெளியே கொடுத்து வரைந்த எபிசோட்களில் முகங்கள் கோணும், நேற்று அழகாக இருந்த மிசா இன்று யாரோ மாதிரி இருப்பாள். 27-ல் முடிந்திருக்க வேண்டிய கதையை நீட்டியதால் கடைசி ஒன்பது எபிசோட் தொய்யும். காதல் விவகாரம் அங்கேதான் முடிவுக்கு வருகிறது என்பதால் தாண்டவும் முடியாது.

நேரக் கணக்கில் மேக்ராஸ் ஏறக்குறைய 14 மணி நேரம், ரோபோடெக் 30-ஐத் தாண்டும். சப்டைட்டில் படிக்கச் சோம்பல் என்றால் அதற்கும் வழி உண்டு: 2006-ல் அசலுக்கே ஒரு முழு ஆங்கில டப்பிங் வந்தது, அதில் மின்மேயாகப் பேசியது அதே மாரி இஜிமா. என்னைக் கேட்டால் மேக்ராஸ் முழுவதும் பாருங்கள். பிடித்தால் 1984-ல் அதே கதையைப் பெரிய பட்ஜெட்டில் மறுபடி எடுத்த திரைப்படத்தையும் பாருங்கள். ரோபோடெக்கில் 61-ஆவது எபிசோடிலிருந்து வரும் மூன்றாம் பகுதியை மட்டும் தனியாகப் பார்க்கலாம். மோட்டார் பைக் கவசமாக மாறி உடம்பில் ஏறிக்கொள்ளும் கூட்டம் ஒன்று, எதிரி கையில் விழுந்த பூமியில் ஊர் ஊராகப் போகும் கதை. அந்தப் பகுதியில் மேசெக்கின் ஒட்டுவேலை அவ்வளவாக உறுத்தாது. நடுவில் உள்ள சதர்ன் கிராஸ் அசலிலும் சுமார், ஒட்டியதிலும் சுமார்.

மேக்ராஸ் யாருக்குச் சொந்தம் என்ற உரிமைச் சண்டை பல வருடம் நடந்து, 2021-ல்தான் ஹார்மனி கோல்டும் ஜப்பானின் பிக்வெஸ்ட் நிறுவனமும் உடன்பாட்டுக்கு வந்தன. அதுவரை மேக்ராஸின் பல பிற்காலத் தொடர்கள் ஜப்பானுக்கு வெளியே முறையாக வராமல் கிடந்ததற்கு அதுதான் காரணம்.

வோல்ட்ரானில் என் ஓட்டு மாறும்

‘கோலயன்’ 1981-ல் ஜப்பானின் தோயி ஸ்டூடியோ தயாரித்தது, 52 எபிசோட். ஐந்து சிங்க ரோபோக்கள் ஒன்றுசேர்ந்து ஒரே ராட்சதனாகும்: கறுப்புச் சிங்கம் உடலும் தலையும், சிவப்பும் பச்சையும் கைகள், நீலமும் மஞ்சளும் கால்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸைச் சேர்ந்த வேர்ல்டு ஈவென்ட்ஸ் நிறுவனம் இதை வாங்கி 1984 செப்டம்பரில் ‘வோல்ட்ரான்’ ஆக்கியது. அவர்கள் கேட்டது மார்பில் சிங்கமுகம் கொண்ட ‘டால்டானியஸ்’ என்ற வேறொரு தொடரை. சிங்கம் உள்ளது வேண்டும் என்று சொல்லப்போய், கோலயனின் டேப் வந்து சேர்ந்தது என்பது பிற்பாடு சொல்லப்பட்ட கதை.

அசலின் முதல் எபிசோடிலேயே அணுப்போரில் பூமி அழிந்துவிடுகிறது. திரும்பி வரும் ஐந்து இளைஞர்கள் எதிரியிடம் அடிமைகளாகப் பிடிபடுகிறார்கள். கொடுமையும் ரத்தமும் தாராளம். நீலச் சிங்கத்தை ஓட்டும் ஷிரோகானே ஆறாவது எபிசோடிலேயே செத்துப்போகிறான். வோல்ட்ரானில் பூமி பத்திரமாக இருக்கிறது. ஐந்து பேரும் அரசு அனுப்பிய ஆய்வுக் குழு. ஷிரோகானேக்கு ஸ்வென் என்று பெயர், அவன் சாகவில்லை, வேறு கிரகத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படுகிறான்.

நியாயப்படி நான் இங்கேயும் அசல் பக்கம் நிற்க வேண்டும். ஆனால் கோலயனின் அந்த இருட்டுக்குள் பெரிதாக ஒன்றும் இல்லை. பூமி அழிந்ததை யாரும் நினைத்து அழுவதில்லை. சில எபிசோடுக்குள் வாரம் ஒரு அசுரன் என்ற வழக்கமான தடத்துக்கு வந்துவிடும். சாவு அங்கே கதையைத் தூக்கி நிறுத்தவில்லை, ஆகவே அதை எடுத்ததால் கதை சரியவும் இல்லை. மறுபக்கம் வோல்ட்ரானின் பலம் எல்லாம் வெளியிலிருந்து சேர்த்தது: பீட்டர் கல்லனின் அந்தக் கனத்த முன்னுரைக் குரல், எக்காளம் முழங்கும் இசை, ஸ்டீரியோ ஒலி. ஒவ்வொரு எபிசோடிலும் வரும் அந்த ஒன்றுசேரும் காட்சி இந்த இசையோடுதான் எடுபடுகிறது. வெற்றி எவ்வளவு என்றால், கையிருப்பு தீர்ந்ததும் அமெரிக்கர்கள் காசு கொடுத்துத் தோயியிடம் மேலும் 20 எபிசோட் வரையச் சொன்னார்கள்.

எட்டு வயதுப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்ப்பதானால் வோல்ட்ரான்தான் சரி, பத்து எபிசோட் போதும். பெரியவர்கள் தனியாகப் பார்ப்பதானால் 2016-ல் நெட்ஃபிளிக்ஸில் தொடங்கிய புதிய வோல்ட்ரானுக்கே போய்விடலாம். அதன் தலைவனுக்கு ஷிரோ என்று பெயர், முழுப்பெயர் தகாஷி ஷிரோகானே. அசலில் செத்தவனின் பெயரைத் தேடி எடுத்து வைத்திருக்கிறார்கள்.

மஸிங்கர், கிரெண்டைசர்: முழுவதும் வேண்டாம்

‘மஸிங்கர் இசட்’ 1972 டிசம்பரில் தொடங்கியது. அதற்கு முன்னால் ரோபோ என்றால் வெளியே நின்று ரிமோட்டில் இயக்குவதுதான். 1963-ன் ‘டெட்சுஜின் 28’, அமெரிக்கப் பெயரில் ‘ஜைகான்டர்’, அப்படித்தான். மஸிங்கரில் பையன் ஒரு சிறு விமானத்தில் பறந்து வந்து ரோபோவின் தலையில் உட்காருவான். டிராஃபிக் ஜாமில் மாட்டிக்கொண்டபோது, இந்தக் காருக்குக் கால் முளைத்து மற்ற வண்டிகளைத் தாண்டிப் போனால் எப்படி இருக்கும் என்று தோன்றியதாகக் கோ நாகாய் சொல்லியிருக்கிறார். பின்னால் வந்த எல்லா ரோபோ தொடர்களும் இந்தக் காக்பிட்டில் பிறந்தவை.

அதற்காக 92 எபிசோடையும் பார்க்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் இரண்டைப் பாருங்கள், பிறகு கடைசி ஒன்று: மஸிங்கர் நொறுங்கி விழ, புதிய ரோபோ ஒன்று வந்து காப்பாற்றி அடுத்த தொடருக்கு வழிவிடும். 92-ஐ 65 ஆக்கி 1985-ல் விட்ட ‘டிரான்சர் இசட்’டைத் தேடி அலைய வேண்டாம். கிரெண்டைசரும் இதே ரகம், 74 எபிசோட். பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு மட்டும் ஒன்று: கோல்டொராக் டப்பிங்குக்கு அங்கே தனி மரியாதை உண்டு, கிடைத்தால் அதிலேயே பாருங்கள்.

குண்டம்: இங்கே வெட்டியவர் இயக்குநரே

1979-ன் ‘மொபைல் சூட் குண்டம்’ விஷயத்தில் கேள்வியே வேறு. இதை அமெரிக்கர் யாரும் எண்பதுகளில் வெட்டி ஒட்டவில்லை. 43 எபிசோட் டிவி தொடரா, அதைச் சுருக்கிய மூன்று திரைப்படங்களா என்பதுதான் தேர்வு.

முதலில் ஓடியபோது தொடர் தோல்வி. 52-க்குத் திட்டமிட்டதை 43-ல் முடித்தார்கள். மறு ஒளிபரப்பிலும், பண்டாய் என்ற பொம்மைக் கம்பெனி 1980-ல் கொண்டுவந்த பிளாஸ்டிக் மாடல்களிலும்தான் அது எழுந்தது. அப்புறம் இயக்குநர் யோஷியூகி டோமினோ 1981, 82-ல் மூன்று படங்களாக வெளியிட்டார். இங்கே ஒரு சுவாரஸ்யம். டிவியில் ஸ்பான்சர் பொம்மைக் கம்பெனிக்காக நுழைக்கப்பட்ட ஜி-ஃபைட்டர் என்ற துணை வாகனத்தைப் படங்களில் தூக்கிவிட்டு, கோர் பூஸ்டர் என்ற, கொஞ்சம் நம்பும்படியான ஒரு போர்விமானத்தை வைத்தார். வெளிநாட்டில் டிவி நிலையங்களின் கணக்குக்காக வெட்டினார்கள், இவர் பொம்மையையே வெட்டினார். மூன்றாவது படத்தில் புதிதாக வரைந்த காட்சிகள் ஏராளம். அந்தக் கடைசி யுத்தத்தை டிவியில் பார்ப்பதைவிடப் படத்தில் பார்ப்பது பல மடங்கு மேல்.

அமெரிக்காவுக்கு இது தலைகீழாகப் போய்ச் சேர்ந்தது. 2000 மார்ச்சில் கார்ட்டூன் நெட்வொர்க்கின் டூனாமி என்ற நிகழ்ச்சி வரிசையில் 1995-ன் ‘குண்டம் விங்’ முதலில் வந்தது, பெரிய வெற்றி. 1979-ன் அசல் 2001 ஜூலையில்தான் வந்தது. பளபளப்பான விங் பார்த்த பிள்ளைகளுக்கு அது கிழவன் மாதிரி தெரிந்தது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு ஒளிபரப்பை நிறுத்தியும்விட்டார்கள். பல அமெரிக்கர்கள் இன்றும் விங்கில் தொடங்கு என்று சொல்வது இந்தப் பழக்கத்தால்தான். எனக்கு அது ஒப்பவில்லை. பதினைந்து வயது நாயகன் அமுரோ, தூக்கம் கெட்டு, இனி ஏற மாட்டேன் என்று அடம்பிடித்து அறைக்குள் படுத்துக்கிடப்பதையும், அதிகாரி வந்து அறைவதையும் பார்க்காமல் இந்த வகையின் திருப்பம் புரியாது. அதுவரை ரோபோ நாயகன் ஏற மறுத்து இப்படி முடங்குவது வழக்கமில்லை.

நேரம் குறைவு என்றால் மூன்று படங்கள், மொத்தம் ஏறக்குறைய ஏழு மணி நேரம். அவகாசம் உள்ளவர்கள் டிவி தொடரைப் பாருங்கள். எதிரிப் படை அதிகாரியான ரம்பா ரால் வரும் எபிசோட்கள் படத்தில் அவசரமாக ஓடிவிடும், தொடரில்தான் அந்த மனிதனையும் அவன் துணைவியையும் அமுரோவுக்குப் பிடித்துப்போவது ஏன் என்று தெரியும். ஆங்கிலப் பதிப்பை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: 15-ஆவது எபிசோட் அதில் இருக்காது. படையைவிட்டு ஓடிவந்த டோவன் என்ற வீரன் அனாதைப் பிள்ளைகளோடு தீவில் வாழும் கதை அது. வரைந்த தரம் மோசம் என்று டோமினோவே அதை வெளிநாட்டுக்கு விட மறுத்துவிட்டார். அதே கதையைத் தொடரின் பாத்திரங்களை வரைந்த யோஷிகாசு யாசுஹிகோ 2022-ல் முழுநீளப் படமாக எடுத்திருக்கிறார். 14-ஐ முடித்துவிட்டு அந்தப் படத்தைப் போட்டுக்கொண்டு, பிறகு 16-க்குப் போகலாம்.